முட்டி இடிக்கும் பெஞ்சு

பட்டறைக்காரர் வீட்டில் அளக்கும் டேப்புக்குப் பஞ்சமே கிடையாது. சுவர் ஆணியில் ஒன்று தொங்கும், இழைப்பு மேசையின் இழுப்பறையில் ஒன்று கிடக்கும், அவருடைய சட்டைப் பையில் ஒன்று எப்போதும் துருத்திக்கொண்டிருக்கும். மரத்தூளில் புதைந்து போனவை தனிக் கணக்கு. ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு செய்யும்போது மட்டும் அவர் இதில் எதையும் தொடமாட்டார். பட்டறையின் பின்கதவைத் திறந்து வீட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பார்.

"அளவ வரச் சொல்லு."

அளவு என்பது அவருடைய ஒரே மகள். அவளுக்கு நல்ல பெயர் ஒன்றும் வைத்திருந்தார்கள். அது பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், பக்கத்தில் வேறு யாரும் நிற்கிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் தொடங்கிய வழக்கம் இது. ஒன்றாம் வகுப்புக்குப் புதுப் பெஞ்சுகள் வேண்டும், பிள்ளைகளுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். பட்டறைக்காரர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எங்கே கிடைக்கும் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். ஒன்று பட்டறை மூலையில் உட்கார்ந்து இழைப்புச் சுருளை மூக்குக்குக் கீழே வைத்து மீசை விட்டுக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி ஒரு பலகையில் உட்கார வைத்தார். பாதம் தரையில் பதியும்வரை பலகையை ஏற்றி இறக்கினார். ரீப்பர் என்னும் மெல்லிய மரச்சட்டம் ஒன்றை அவள் காலோடு சேர்த்து நிறுத்தி, முட்டிக்கு நேராக நகத்தால் கீறி, அங்கேயே அறுத்தார். அந்த ரீப்பரின் நீளம்தான் எல்லாப் பெஞ்சுக்கும் கால். உட்கார்ந்த வாக்கில் முழங்கை வரும் இடம்தான் எழுதும் பலகையின் உயரம். அதற்குக் கீழே புத்தகம் வைக்கும் தட்டு.

பெஞ்சுகள் பிரமாதமாக அமைந்துவிட்டன. பிள்ளைகள் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பெரிய டீச்சரே வாயால் சொல்லிவிட்டார். பெரிய டீச்சர் வாயால் திட்டு தவிர வேறு எதுவும் வந்து யாரும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு பட்டறைக்காரர் டேப்பை நம்புவாரா?

பள்ளிக்கூடத்தின் பணம் வருஷத்துக்கு ஒரு வகுப்புக்குத்தான் காணும். அந்த ஒரு வகுப்பு அளவின் வகுப்பாகவே அமைந்துபோனது. அவள் இரண்டுக்குப் போனால் இரண்டாம் வகுப்புக்குப் புதுப் பெஞ்சு, மூன்றுக்குப் போனால் மூன்றாம் வகுப்புக்கு. லீவு முடியப் போகும் வெயில் நாளில், தகரக் கூரை அனலைக் கக்கும்போது, அளவு அதிகாரி மாதிரி வந்து பலகையில் உட்காருவாள்.

"பாதம் படியுதா?" என்பார் அப்பா.

"படியுது. ஒரு நூல் தூக்கு."

நூல் என்பது தச்சுக்காரர்களின் பாஷையில் அங்குலத்தைப் பொடிப்பொடியாக நறுக்கினால் கிடைக்கிற ஒரு துண்டு. அவள் கூட்டல் கழித்தல் கற்றுக்கொள்வதற்கு முன்பே நூல் கற்றுக்கொண்டவள். ஒரு நூல் தூக்கு என்றால் அவர் தூக்குவார். போதும் என்றால் நிறுத்துவார். ஊரில் வேறு யார் சொல்லியும் அவர் எதையும் தூக்கியதாகவோ நிறுத்தியதாகவோ தகவல் இல்லை.

அளவு எடுத்து முடிந்ததும் அந்த ரீப்பர் வார்னிஷ் அக்காவின் கைக்குப் போகும். பட்டறையில் மெருகு வேலை அவளுடையது. டப்பாவில் வார்னிஷைக் கிண்ட அவளுக்கு வருஷா வருஷம் ஒரு குச்சி தேவைப்பட்டது. போன வருஷத்துக் குச்சி அதற்குள் கெட்டிப்பட்டு அடுப்புக்குப் போயிருக்கும். அதனால் இந்த வருஷத்து ரீப்பரையும் போன வருஷத்து ரீப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு உலகத்தில் யாருக்கும் வாய்க்கவில்லை.

நான் அப்போது அந்தப் பட்டறையின் மாடி அறையில் வாடகைக்கு இருந்து கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கீழே ரம்ப மெஷின் ஓடினால் மேலே என் டம்ளர் நடக்கும். மெஷினை ஓட்டியவருக்கு மெஷின்காரர் என்று பெயர். சத்தத்திலேயே ஆயுசைக் கழித்ததால் ரகசியத்தைக்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும்படிதான் சொல்வார். பட்டறைக்காரம்மா போனில் ஆர்டர் எடுத்துக்கொண்டே உப்புத்தாள் போடுவாள். இப்படிப்பட்ட வீட்டில் எதையும் ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் சிரமப்பட வேண்டும்.

அளவு நாலாம் வகுப்புக்கு வந்ததும் அந்த வகுப்புப் பிள்ளைகள் காலை நடைபாதையில் நீட்டி உட்கார ஆரம்பித்தார்கள். பெரிய டீச்சர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேர் பக்கவாட்டில் திரும்பி, சைக்கிள் கேரியரில் போகிறவர்களைப் போல உட்கார்ந்து எழுதினார்கள். டிரில் மாஸ்டர் வந்து நிமிர்ந்து உட்காருவதன் நன்மைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பிள்ளைகள் முட்டி இடிக்கிறது என்று சொல்லிப் பார்த்தார்கள். எதிர்த்துப் பேசுவது தனிக் குற்றம் என்பதால் அதற்குத் தனியாக வாங்கிக்கொண்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் இந்தத் தலைமுறைக்கே உட்காரத் தெரியவில்லை என்று எல்லோரும் ஒருமனதாக வருத்தப்பட்டார்கள்.

அந்த வகுப்பிலேயே ஒழுங்காக, நேராக, பாதம் பதித்து உட்கார்ந்த ஒரே பிள்ளை அளவு. நல்ல நடத்தைக்காக அவளுக்கு ஒரு பேனா பரிசு கொடுத்தார்கள்.

ஆறாம் வகுப்பில் முட்டிகள் தட்டுக்குக் கீழே நுழையவே இல்லை. திமிர் என்று சொல்லி நுழைக்கவும் முடியவில்லை. பள்ளி திறந்த அடுத்த வாரம், முதல் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், பள்ளிக்கூட வேன் வந்து பட்டறை வாசலில் நின்றது. பெஞ்சுகள் எல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் வந்த வழியே திரும்பி வந்திருந்தன. முன்சீட்டிலிருந்து டிரில் மாஸ்டர் இறங்கினார். கூடவே, சாட்சியாக, ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பெண். கொக்கு என்று கூப்பிடுவார்கள். அளவுக்கு உயிர்த்தோழி. அளவும் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் காதுவலி என்று வீட்டில் இருந்தாள். அவளுக்கு அடிக்கடி காது வலிக்கும்.

டிரில் மாஸ்டர் டேப்பில் அளந்து பார்க்கச் சொன்னார். பட்டறைக்காரருக்கு அது அவமானமாகப் பட்டது. மரம் மழைக்கு ஊதியிருக்கும், உங்கள் தரை மேடுபள்ளமாக இருக்கும், பிள்ளைகள் செருப்போடு உட்கார்ந்திருப்பார்கள் என்று வரிசையாகச் சொன்னார். மெஷின்காரர் தான் அறுத்த ஒரு கால்கூட ஒரு நூல் பிசகாது என்று கத்தினார். அது கத்தல் இல்லை, சாதாரணப் பேச்சு என்பதை டிரில் மாஸ்டருக்குப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

கடைசியில் ஒரு பெஞ்சை இறக்கிப் பட்டறை நடுவில் போட்டார்கள். கொக்கு அதில் உட்கார்ந்தாள். அவள் முட்டி இரண்டும் தட்டில் மோதி, உடம்பு பின்னால் சரிந்து நின்றது. மாட்டிக்கொண்ட மடக்குக் குடையைப் போல இருந்தாள்.

"முட்டி இடிக்குது அங்கிள்" என்றாள்.

"நீ வளத்தி. உனக்கு இடிக்கும்" என்றார் பட்டறைக்காரர். "அளவ வரச் சொல்லு."

அளவு காதில் பஞ்சோடு வந்து கொக்கின் பக்கத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். பாதம் பதிந்தது. முட்டிக்கும் தட்டுக்கும் நடுவில் கை புகுந்து வந்தது. முழங்கை பலகையில் அமர்ந்தது. ஒரு குறை சொல்ல முடியாது.

"பாத்துக்கங்க. ஆறாம் வகுப்புப் பிள்ள. எங்க இடிக்குது?" என்று பட்டறைக்காரர் டிரில் மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தார்.

டிரில் மாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் பெஞ்சைப் பார்க்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் இருந்த நாலு கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரம்மாவும் உப்புத்தாளை வைத்துவிட்டு அங்கேதான் பார்த்தாள். மெஷின்காரர் எதற்கோ மெஷினை நிறுத்தினார்.

"இது என்னங்க, கொக்கு ஒரு பிள்ளதான் அளவுக்கு மீறி வளந்திருக்கு" என்றார் பட்டறைக்காரர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அப்படின்னா என் கிளாஸ்ல ஒரு பிள்ளயத் தவிர எல்லாரும் அளவுக்கு மீறி வளந்துட்டாங்க" என்றார் டிரில் மாஸ்டர். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவரைப் போல, வேன் டயரைப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அளவு எழுந்து, காதுப் பஞ்சைச் சரிசெய்துகொண்டு, வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவள் வளரவில்லை என்று சொல்ல முடியாது. வளர்ந்தாள். ஆனால் கஞ்சன் சோறு போடுகிற மாதிரிதான் வருஷா வருஷம் வளர்ந்திருந்தாள். அவளுடைய பழைய சட்டைகள் சீக்கிரம் பத்தாமல் போகாததை, பட்டறைக்காரம்மா தன் சிக்கனத்தின் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தாள். வரிசையில் எப்போதும் முதலில் நின்றதை அப்பா முதல் மாணவி என்பதைப் போல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே அவர் பட்டறை உத்திரத்தில் ஒரு கட்டையைக் குறுக்கே அடித்து, மகளை அதில் தொங்கச் சொன்னார். காலையில் ஒரு முட்டை இரண்டு முட்டையாயிற்று. பாலும் இரண்டு டம்ளராயிற்று. அளவு கட்டையில் தொங்கியபடியே வாய்ப்பாடு சொன்னாள். கீழே நின்று அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார், ஈர மரம் காய்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

பட்டறைக்காரரின் அக்கா வந்து, பெண்பிள்ளை பெரியவளானதும் ஒரே எகிறாக எகிறிவிடும், அதுவரை வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று சொல்லி, தான் வாயை மூடாமல் சாயங்காலம்வரை இருந்துவிட்டுப் போனாள். பட்டறைக்காரருக்கு அந்தப் பேச்சு மருந்து மாதிரி இறங்கியது. அவர் மனைவிக்கு இறங்கவில்லை. மறுநாள் அவள் போனை எடுக்காமல், உப்புத்தாள் போடாமல், மகளைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள்.

அங்கே பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்ப்பதற்கென்றே ஒரு டாக்டரம்மா இருந்தார். அவரே அப்படி ஒன்றும் உயரமில்லை. உயரம் அளக்கும் கம்பியின் மேல்தட்டைப் பிடிக்க ஒரு மர முக்காலியில் ஏறினார். அளவுக்கு அவரை உடனே பிடித்துப்போய்விட்டது. முக்காலி ஆடுகிறது, ஒரு காலுக்கு அடியில் மரச் சக்கை செருக வேண்டும் என்று அவரிடம் சொன்னாளாம்.

டாக்டரம்மா அவளைக் கையை நீட்டச் சொல்லி முழங்கையைப் பார்த்தார். பின்கழுத்தில் முடியைத் தூக்கிப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். காது அடிக்கடி வலிக்குமா என்று, யாரும் சொல்லாமலே கேட்டார். பிறந்தபோது கை கால் பாதம் வீங்கினாற்போல இருந்ததா என்றும் கேட்டார். இருந்தது. கொழுகொழுவென்று பிறந்திருக்கிறாள் என்று அப்போது எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார்கள். கையை எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் நுனிகள் இன்னும் மூடவில்லை, நல்லது என்றார். ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வரச் சில வாரம் ஆகும், பரம்பரை அணுக்களைப் பார்க்கிற சோதனை என்றார்.

பரம்பரை என்ற சொல் பஸ்ஸைவிட வேகமாக வீடு வந்து சேர்ந்துவிட்டது. அந்தச் சில வாரத்தில் இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் விசாரணைக் கமிஷன் அமைத்தன. பட்டறைக்காரரின் அக்கா, தம்பி மனைவியின் சித்தி ஒருத்தி கதவுத் தாழ்ப்பாளுக்கே எட்டமாட்டாள் என்று கண்டுபிடித்தாள். பட்டறைக்காரம்மாவின் அண்ணன் வந்து, மாப்பிள்ளையின் தாத்தா பந்தியில் உட்கார்ந்தாலும் நின்றாலும் ஒரே உயரம்தான் என்று பதில் கொடுத்தார். போட்டோக்கள் பெட்டியிலிருந்து இறங்கின. யார் பக்கத்தில் யார் நிற்கிறார், யார் நாற்காலியில் ஏறி நிற்கிறார் என்று ஆராய்ச்சி நடந்தது. செத்துப்போன உறவினர்கள் அத்தனை பேரும் அந்த மாதத்தில் ஆளுக்கு ஒரு சாண் குறைந்தார்கள்.

முடிவு வந்த அன்று பட்டறைக்காரரும் போனார். டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்து சொன்னாராம். உடம்பு எப்படி அமைய வேண்டும் என்ற குறிப்பு ஒவ்வொரு அணுவிலும் ஜோடி ஜோடியாக இருக்கும். பெண்பிள்ளைக்கு எக்ஸ் என்று இரண்டு இருக்க வேண்டும். இவளுக்கு ஒன்றுதான் இருக்கிறது. கரு உண்டாகிற நேரத்திலேயே தவறிப்போனது. இப்படி ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், முக்காலி ஆடுகிறது என்று டாக்டருக்கே சொல்கிறார்கள்.

"எங்க பக்கமா, இவ பக்கமா?" என்று கேட்டிருக்கிறார் பட்டறைக்காரர்.

"ரெண்டு பக்கமும் இல்ல. நீங்க செஞ்சதாலயும் வரல, செய்யாததாலயும் வரல. தற்செயல்."

குற்றவாளி இல்லாத வழக்கு இரண்டு குடும்பத்துக்கும் பிடிக்கவில்லை. பட்டறைக்காரரின் அக்கா அந்த டாக்டருக்குப் படிப்பு போதாது என்று சொல்லிவிட்டாள்.

இருதயத்தையும் சிறுநீரகத்தையும் சோதித்துப் பார்த்து, அவை நன்றாக இருக்கின்றன என்றார்கள். காதுக்கு மருந்து கொடுத்தார்கள். வளர்ச்சிக்குத் தினமும் ஒரு ஊசி. வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். எலும்பு நுனிகள் மூடும் வரைதான் அது வேலை செய்யும், ஏற்கெனவே கொஞ்சம் தாமதம், இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. பெரியவளாவது தானாக நடக்காது, அதற்கு வேறு மருந்து, அதற்கான வயது வரும்போது. அதற்கும் பின்னால் இருந்த ஒன்றை டாக்டரம்மா அம்மாவிடம் மட்டும் தனியாகச் சொன்னார். அதைப் பட்டறைக்காரம்மா வார்னிஷ் அக்காவிடம் ஒருநாள் ஒரே பலகைக்கு இரண்டு பேரும் உப்புத்தாள் போட்டுக்கொண்டே சொன்னாள். பிள்ளைப்பேறு பற்றிய விஷயம். அந்தப் பலகை கண்ணாடியாகும் வரை இரண்டு பேரும் தேய்த்தார்கள்.

அறையை விட்டு வெளியே வருமுன் அளவு ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். ஊசி போட்டால் கொக்கு அளவுக்கு வருவேனா?

வரமாட்டாய் என்று டாக்டரம்மா நேராகவே சொன்னார். போடாமல் இருந்தால் எவ்வளவு வருவாயோ, அதைவிட நாலு விரற்கடை கூடுதலாக வருவாய், சில பேருக்கு அதற்கு மேலும் வரும். அளவு அதை நூல் கணக்கில் மாற்றிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நல்ல தொகைதான்.

ஊசி மருந்தை ஐஸ்பெட்டியில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வைத்ததோடு சரி. பட்டறைக்காரர் போட விடவில்லை. இந்த வாரம் வேண்டாம், வேலை இருக்கிறது என்றார். அடுத்த வாரம் அவளுக்குச் சளி என்றார். அதற்கடுத்த வாரம் காரணம் சொல்வதையே விட்டுவிட்டார்.

திரும்பி வந்த பெஞ்சுகளை அவர் பிரித்து மறுபடி செய்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பை அளந்து ஒரு சராசரி உயரம் அனுப்பியிருந்தார்கள். ஆயுசில் முதல்முறையாகப் பள்ளிப் பெஞ்சுக்கு டேப் வைத்து அறுத்தார். அறுத்த ஒவ்வொரு காலையும் வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். முதல் பெஞ்சு முடிந்ததும் டிரில் மாஸ்டர் உட்கார்ந்து காட்டக் கொக்கைக் கூட்டி வந்தார்.

அளவு பின்கதவு வழியாக அதைப் பார்த்தாள். தன் பலகையில் கொக்கு உட்கார்ந்து, "சரியா இருக்கு அங்கிள்" என்று சொன்னதைக் கேட்டாள். நூல் என்ற சொல்லே தெரியாத ஒருத்தி. அன்று முழுக்க அவள் உத்திரக் கட்டையில் தொங்கவில்லை. முட்டையை வெட்டி வெட்டித் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். ஊசியைப் பற்றி அழாதவள் அதற்கு அழுதாள் என்று பட்டறைக்காரம்மா சொன்னாள்.

மறுநாள் பட்டறைக்காரம்மா, மெஷின் ஓடும் நேரமாகப் பார்த்துத் தன் கணவரிடம் போனாள். மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக. அவள் குரலை உயர்த்திப் பேச ஆரம்பித்த நேரம் பார்த்து மெஷின்காரர் மெஷினை நிறுத்தினார்.

"... எலும்பு மூடிக்கிட்டா அப்புறம் நீங்க உளி வெச்சுப் பொளப்பீங்களா?"

பட்டறை முழுக்க அது கேட்டது. மாடியில் எனக்கும் கேட்டது. இனி குரலைத் தாழ்த்திப் பிரயோஜனமில்லை என்று அவர்கள் அதே குரலில் தொடர்ந்தார்கள்.

"அவளுக்கு என்ன குறைச்சல்? படிக்கிறா. ஓடுறா. என்னயே எதுத்துப் பேசுறா. பெஞ்சு தப்பு. அளவெடுத்த நான் தப்பு. அவ எங்க தப்பு? என் பிள்ளய ரிப்பேருக்குக் கொண்டுபோன சாமான் மாதிரி தினம் குத்துறதுக்கு நான் ஒத்துக்கமாட்டேன்."

"தப்புன்னு யாருங்க சொன்னா?"

"ஊசி போட்டா தப்புன்னுதான அர்த்தம்?"

மெஷின்காரர் மெஷினை மறுபடி போடலாமா கூடாதா என்று தெரியாமல் ஸ்விட்சில் கை வைத்தபடி நின்றார். அளவு பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, துண்டுப் பலகைகள் அடுக்கியிருந்த குவியல்மேல் ஏறி உட்கார்ந்தாள். கால் தொங்கியது. அப்பாவின் இழைப்பு மேசையில் பாதி இழைத்த ஒரு பலகை கிடந்தது.

"அப்பா, இது நல்ல பலகையா?"

"எது?"

"நீ இழைச்சிக்கிட்டிருக்கிறது."

"நல்ல பலகைதான். ஒரு கணு கிடையாது."

"நல்லதா இருந்தா ஏன் இழைக்கிற?"

"நல்ல பலகையத்தான இழைப்பாங்க? சொத்தைய யாரு இழைப்பா? அது அடுப்புக்குப் போகும்" என்று வாத்தியாரைப் போலச் சொன்னவர், சொல்லி முடித்த பிறகுதான் எங்கே வந்து நிற்கிறோம் என்று பார்த்தார்.

அளவு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கொக்கு மாதிரி ஆகமாட்டேன். டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஆகுற அளவுக்கு ஆகணும்ல. பாதியில போட்டுட்டு வேற வேலைக்குப் போனா எப்படிப்பா?"

பட்டறைக்காரர் இழைப்புளியை எடுத்தார். பலகையின் மீதிப் பாதியை இழைத்து முடித்தார். அவசரப்படவில்லை. சுருள் சுருளாக விழுந்தது. முடித்துக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்து, அந்த ஊசியை எங்கே குத்துவார்கள் என்று கேட்டார்.

"தொடையில."

"வலிக்குமா?"

"முள்ளு குத்துற அளவுதான்னு சொன்னாங்க."

"முள்ளு குத்துனாலும் வலிக்கும்ல" என்றார். அதற்கு மேல் தடுக்கவில்லை.

அன்று விளக்கு வைத்ததும் முதல் ஊசியைப் பட்டறைக்காரம்மா போட்டாள். பட்டறைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் டேப் தொங்கியது. ஒரு வாரம் போனதும் அவரே போட ஆரம்பித்தார். ஆணி அடிக்கிற கைக்கு ஊசி எம்மாத்திரம் என்று அவர் சொல்லிக்கொண்டார். முதல் நாள் பல்லைக் கடித்தது அவர்தான், தான் இல்லை என்று அளவு சொன்னாள். ஊசிக்குப் பிறகு ஒரு வாழைப்பழம் கிடைக்கும். அவர் தனக்கும் ஒன்று உரித்துக்கொள்வார்.

புதுப் பெஞ்சுகள் வகுப்புக்குப் போயின. ஆறாம் வகுப்பு ஒரே நாளில் ஒழுக்கமான வகுப்பாயிற்று. காலை நீட்டியவர்கள் உள்ளே இழுத்துக்கொண்டார்கள், பக்கவாட்டில் இருந்தவர்கள் நேரே திரும்பினார்கள். தன் உரை வேலை செய்ய ஒரு வருஷம் எடுத்துக்கொண்டது என்று டிரில் மாஸ்டர் சொல்லிக்கொண்டதாகக் கேள்வி. அளவுக்கு மட்டும் இப்போது கால் தொங்கியது. தொங்கிய காலில் எறும்பு ஊர்வது போல மரத்துப்போனது. அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. கொக்கு வந்து சொன்னாள். பட்டறை வாசலில் நின்று, முன்பு புகார் சொன்ன அதே குரலில்.

"அவளுக்குக் கால் எட்டல அங்கிள். என் பையத்தான் கீழ வெச்சுக்கறா. என் சாப்பாட்டு டப்பா நசுங்குது."

பட்டறைக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறையைத் திறந்தார். வேறு யாரையும் வரச் சொல்லவில்லை. மற்ற பெஞ்சுகளின் அதே உயரத்தில் ஒரு பெஞ்சு செய்தார். அதன் முன்கால்கள் இரண்டிலும் உள்பக்கமாக எதிரெதிரே பள்ளங்கள் வெட்டினார். பாதம் வைக்க ஒரு பலகை. அதை எந்தப் பள்ளத்தில் செருகுகிறோமோ அந்த உயரத்தில் நிற்கும். சாயங்காலம் பின்கதவைத் திறந்தார். வெகுநாளாக அவர் கொடுக்காத குரல்.

"அளவ வரச் சொல்லு."

அவள் உடனே வரவில்லை. கூப்பிட்ட இடத்துக்கு உடனே போகிறவளா என்ன, அதிகாரி. தலையைச் சீவிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தாள். அவர் பலகையை மேலேயிருந்த பள்ளத்தில் செருகினார்.

"படியுதா?"

"படியுது."

குனிந்து பார்த்தாள். பள்ளங்கள் வரிசையாகத் தரைவரைக்கும் இறங்கிக்கொண்டே போயின.

"கீழ இருக்கிற ரெண்டும் எதுக்கு?"

"இருக்கட்டும்."

"அதுவரைக்கும் நான் வரமாட்டேன்பா. அது கொக்குக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்னா."

"தூசி அடையும். அடச்சிடு."

அவர் வாதாடவில்லை. மரத்தூளையும் பசையையும் குழைத்து, கீழே இருந்த இரண்டு பள்ளங்களையும் அவள் கண்ணெதிரே அடைத்தார். வழித்துச் சமமாக்கினார். அடைத்த இடம் கொஞ்ச நாளைக்கு வெளிறித் தெரியும், பிறகு மரத்தோடு மரமாகிவிடும் என்றார். வார்னிஷ் அக்கா மறுநாள் அதன்மேல் ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுத்தாள்.

அந்தப் பெஞ்சு வகுப்புக்குப் போனதும் வேறு ஒரு தொல்லை கிளம்பியது. பாதப் பலகை எல்லோருக்கும் வேண்டும் என்றார்கள். கால் எட்டியவர்களுக்கும் வேண்டும். இடைவேளையில் அந்தப் பெஞ்சுக்கு வரிசை நின்றது. அளவு யாரை எவ்வளவு நேரம் உட்கார விடுவது என்பதைத் தீர்மானித்தாள். கொக்குக்கு மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியது. பட்டறையில் ஈர மரம் காய்ந்தது. தினமும் விளக்கு வைத்த பிறகு ஒரு ஊசி, இரண்டு வாழைப்பழம். அப்பா அவளை டேப்பால் அளக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் அளந்து கொடுத்ததையும் வாங்கிப் பார்க்காமல் மனைவியிடம் கொடுத்துவிடுவார். உத்திரக் கட்டையைக் கழற்றி ஒரு ஜன்னல் சட்டத்துக்கு உபயோகித்துவிட்டார். பரீட்சை நெருங்கிய நாட்களில் பருவம் தப்பி ஒரு மழை பிடித்துக்கொண்டது. கதவுகள் எல்லாம் இறுகின. என் அறைக் கதவைத் திறக்க நான் தோளால் முட்ட வேண்டியிருந்தது.

அதைச் சொல்லி இழைத்துத் தரச் சொல்லலாம் என்று நான் பட்டறைக்கு இறங்கி வந்திருந்தபோதுதான் அளவு பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்துகொண்டு வந்தாள். பையை இழைப்பு மேசைமேல் போட்டாள்.

"அப்பா, உன் பெஞ்சு சரியில்ல."

"என்ன?"

"முட்டி இடிக்குது."

பட்டறைக்காரர் திரும்பவில்லை. அறுக்கப் போகிற பலகைமேல் பென்சிலை வைத்தபடி நின்றார்.

"மழைக்கு மரம் ஊதியிருக்கும்" என்றார்.

"கொக்கு பெஞ்சு ஊதலயே. கை வெச்சுப் பாத்தேன். எனக்கு மட்டுந்தான் இடிக்குது."

"எங்க இடிக்குது?"

"தட்டுல. ரெண்டு முட்டியும். பலகைய ஒரு பள்ளம் கீழ எறக்கணும். இறுகிப்போயிருக்கு, என்னால முடியல."

மெஷின்காரர் இந்த முறை சரியான நேரத்தில் மெஷினை நிறுத்தினார். பட்டறைக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினார், மூடினார், மறுபடி திறந்தார். மரச் சுத்தியலை எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் பூட்டியிருக்குமே, நாளைக்குப் போகலாமே என்று பட்டறைக்காரம்மா சொன்னாள். வாட்ச்மேன் இருப்பான் என்றார். குடையை நீட்டினாள். வாங்காமல் மழையில் இறங்கிப் போனார்.

அவர் செய்த சாமானைப் பற்றி வந்த எந்தப் புகாருக்கும் அவ்வளவு வேகமாக அவர் போய் நான் பார்த்ததில்லை.

"அப்பா, டேப்பு" என்று அளவு பின்னாலேயே கத்தினாள்.

தெருமுனையில் அவர் திரும்பாமலே கையை ஆட்டினார், வேண்டாம் என்று.